எக்ஸ்ரேயின் இரண்டாவது சாட்சி

தொழிற்சாலையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். தையல் மிஷினில் உட்காரும் பெண்கள் வைத்தது. பாசத்தில் வைத்த பெயர் இல்லை, வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்.

மூன்றாவது மாடியில் ஜன்னல் ஓரமாக நீண்ட மேசை. அதற்கு மேல் தாழ்வாகத் தொங்கும் நான்கு டியூப் லைட். கீழே இரண்டு மாடிகளில் தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக அங்கே வந்து விழும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, காலரில் ஆரம்பித்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு, பட்டன், காஜா என்று விரலால் தடவிக்கொண்டே கண்ணால் பார்ப்பாள். பிறகு உள்ளே புரட்டி அதே சுற்று. ஒரு சட்டைக்கு முக்கால் நிமிடம். விட்டுப்போன ஒரு தையல், ஊசி முனை அளவுக்கு எண்ணெய்ப் பொட்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய பாக்கெட், எதுவும் அவளிடம் தப்பாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். “இவ கல்யாணப் பொண்ணைப் பார்த்தாலும் மூக்குல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுத்தான் வருவா” என்று கேன்டீனில் பேசிச் சிரிப்பார்கள். அவள் காதுபடவே பேசுவார்கள்.

இதே பொம்பளையை ஞாயிற்றுக்கிழமை சபையில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். உலகத்தில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறவள் கர்த்தரிடம் மட்டும் ஒரு குறையும் கண்டதில்லை. பஸ் வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டால் நடப்பதற்குக் கால் இருக்கிறதே, அதற்கு ஸ்தோத்திரம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும், பொங்குவதற்குப் பால் இருந்ததே என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். அவள் வீட்டுக்காரர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி மனுஷனுக்குப் பொறுமை ஊறிப்போயிருந்தது. “கர்த்தருக்கும் காது வலிக்கும். நடுநடுவுல கொஞ்சம் மூச்சு விட விடேன்” என்பார்.

வெறும் வாய்ப்பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணமாகி நாலாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஆறு நாள் இருந்து, ஏழாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு குழந்தையே இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஸ்தோத்திரம் சொன்னவள் அவள். நாத்தனார் பயந்துபோய், “அண்ணி, அழுதுடுங்க அண்ணி, மனசுல அடைச்சு வைக்காதீங்க” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகையும் துதியும் ஒரே வாயில் வரக்கூடாது என்று யார் சட்டம் போட்டது? அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து வீட்டுக்காரர் அவளுடைய ஸ்தோத்திரத்தைக் கேலி பண்ணுவாரே தவிர, குறைவாகப் பேசியதில்லை.

கண் விவகாரம் ஆரம்பித்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடந்தது. அவளை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னாள். “கண்ணுக்குள்ள அழுத்தம் கூடியிருக்கு. வலிக்காது, வெளியில தெரியாது. நரம்பை ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே வரும். போன பார்வை திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தணும்னா தினமும் ரெண்டு கண்லயும் ஒரு சொட்டு மருந்து விடணும். ஆயுசுக்கும்.”

கண்ணை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்!  ஆனாலும் வழியிலேயே பஸ்ஸில், சீக்கிரம் கண்டுபிடித்தார்களே என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தாள். சொட்டு மருந்துப் பாட்டிலைப் பிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். சபையில் சொன்னாள். இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன ஹால்தான் அவர்கள் சபை. பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று பேன், எழுபது எண்பது பேர். அத்தனை பேரும் இருபத்தொரு நாள் முறை வைத்து உபவாசம் இருந்து அவளுக்காக ஜெபித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கூட மத்தியானச் சாப்பாட்டை விட்டார்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது டாக்டர் அம்மா கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, “அழுத்தம் இப்ப நார்மல். ரொம்ப நல்லது. மருந்தை விடாம போடுங்க” என்றாள். முதல் பாதி காதுக்குள் போயிற்று. மறுபாதி காதோரமாகப் போய்விட்டது.

அந்தச் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பிப்பதற்கு முன் கால் மணி நேரம் மைக் சபைக்கு. யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். எழுதாத விதி ஒன்று மட்டும் இருந்தது. கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். இன்னும் படுக்கையில் கிடப்பவர்கள் ஜெபக் குறிப்பை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மைக்கைப் பிடிக்கிறவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தவர்கள். இதை யாரும் யோசித்துச் செய்யவில்லை, அப்படியே வழக்கமாகிவிட்டது.

எக்ஸ்ரே மைக்கைப் பிடித்தாள். இருபத்தொரு நாள் ஜெபத்தைச் சொன்னாள், நார்மல் என்று டாக்டரே சொன்னதைச் சொன்னாள். சபை மொத்தமும் கைதட்டி ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முழங்கியது. பசியிருந்து ஜெபித்தவர்களின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. “இனிமே எனக்கு மருந்தும் வேண்டாம்! கர்த்தரே போதும்!” என்றாள். வீட்டில் யோசித்து வைத்த வார்த்தை இல்லை, அந்த நிமிஷத்தில் வந்தது. கைதட்டல் இன்னும் அதிகமாயிற்று.

அன்று சாயங்காலம் பிரிட்ஜைத் திறந்த வீட்டுக்காரர், “மருந்து விட்டியா?” என்றார்.

“சபை முன்னாடி வேண்டாம்னு சொல்லிட்டேங்க. இப்ப வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுப் போட்டா கர்த்தரைப் பொய்யராக்கின மாதிரி ஆயிடும்.”

“கர்த்தர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார். சபைதான் நினைக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பேன். சில இடங்களில் புருஷன் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாஸ்டர் நல்ல மனுஷர், கள்ளம் கபடு தெரியாதவர். அவளுடைய சாட்சியைச் சபையின் மாதத் தாளில் போட்டார். வியாதிப்பட்டவர்கள் யார் புதிதாக வந்தாலும் அவளிடம் கூட்டிக்கொண்டு வந்து, “அக்கா, உங்க சாட்சியைச் சொல்லுங்க, இவங்களுக்குத் தைரியம் வரட்டும்” என்பார். அவளும் சொல்லுவாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம் இப்படிப் போனது. கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள்.

முதலில் வலது தோள்தான் காட்டிக்கொடுத்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு டீயை ஊற்றினால் கிளாசுக்கு வலப்பக்கம் மேடையில் ஊற்றினாள். பஸ்ஸில் வலது கைப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் மடியில் போய் உட்காரப் பார்த்து, அந்த ஆள் பதறி எழுந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். தூக்கம் போதவில்லை, கிளாஸ் சின்னது, பஸ் குலுங்கியது. ஸ்தோத்திரமும் நிற்கவில்லை, சத்தம்தான் கூடிக்கொண்டே போனது.

பிறகு ஒரு புதன்கிழமை சூப்பர்வைசர் ஆறு வெள்ளைச் சட்டைகளோடு அவள் மேசைக்கு வந்தான். வயசில் சின்னவன், மரியாதை தெரிந்தவன்.

“அக்கா, இதெல்லாம் பேக்கிங்லேருந்து திரும்பி வந்திருக்கு. உங்க டேபிள் சீல்தான் இருக்கு.”

ஆறிலும் ஒரே இடத்தில் குறை. வலது பக்கத் தையல் அக்குளுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது. விரலே உள்ளே போகும். புதிதாக வந்த பெண்கூட விடமாட்டாள்.

“லைட்டு சரியில்லப்பா. ஒரு டியூப் மினுக்குது பாரு” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான்கு டியூபும் பளிச்சென்று எரிந்தன. ஆறு சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு, “ரெண்டு நாள் நூல் வெட்டற பக்கம் உட்காருங்கக்கா, ரெஸ்ட்டா இருக்கும்” என்றான். இருபத்தாறு வருஷம் எழுந்திருக்காத மேசையிலிருந்து அவள் எழுந்தாள். அவளுக்குப் பெயர் வைத்த பெண்களில் ஒருத்திகூட அன்று சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, ஜெபக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பேக்கரிக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். மார்க்கெட் பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறவள், சபைக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண். அந்தப் பாப்பாவுக்குக் குழந்தையிலிருந்தே வலிப்பு. காலையும் சாயங்காலமும் மாத்திரை, இரண்டு வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

“அக்கா, ஒரு முடிவு பண்ணிட்டேன்” என்றாள். அவள் முகம் சந்தோஷத்தில் ஜொலித்தது. “பாப்பாவோட மாத்திரையை நிறுத்தப் போறேன். ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லப் போறேன். உங்க சாட்சியை எத்தனை தடவை படிச்சிருப்பேன் தெரியுமா? தாளை மடிச்சுப் பர்ஸ்லயே வெச்சிருக்கேன்.”

எக்ஸ்ரேவுக்குத் தூக்கி வாரிப் போட்டது. “மாத்திரையை எதுக்கும்மா நிறுத்தணும்? டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“நீங்க கேட்டீங்களா அக்கா?”

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மாத்திரை போட்டா பாப்பா ஸ்கூல்ல தூங்கித் தூங்கி விழறா. டீச்சர் மந்தம்னு எழுதி அனுப்பறாங்க. உங்களுக்கு இருந்த விசுவாசம் எனக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த இடத்திலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கண் தெரியவில்லை, என்னைப் பார்த்து நிறுத்தாதே. இரண்டே வாக்கியம். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தை அவள் தன்னிடமே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை, பிறகு அடுத்தவளிடம் எங்கே சொல்வது!

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, வீட்டுக்காரரோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு வைத்தபோது வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று நினைத்தாள். “ஆரம்பிச்சுட்டீங்களாம்மா?” என்று கேட்டாள். “அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

டாக்டர் அம்மா அச்சடித்த தாளை மேசையில் விரித்தாள். “இந்தக் கறுப்பெல்லாம் உங்களுக்குத் தெரியாத இடம்.” வலது கண்ணின் வட்டத்தில் நடுவில் கடலையளவு வெளுப்பைத் தவிர எல்லாம் கறுப்பு. இடது கண்ணின் ஓரத்திலும் கறுப்பு ஆரம்பித்திருந்தது. “ஒரு வருஷமா மருந்து போடலையா?”

“சரியாப் போச்சுன்னு நினைச்சேன் டாக்டர்.”

“சரியாத்தான் இருந்துச்சு. மருந்து போட்டதால சரியா இருந்துச்சு.” திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வலது கண்ணுல போனது போனதுதான். இடது கண்ணைக் காப்பாத்துவோம்” என்றாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தபோது, வழக்கம்போல வாய் ஸ்தோத்திரத்துக்குத் திறந்தது. வரவில்லை.  குழந்தை போன அன்றைக்கே வந்த வார்த்தை இன்று வரவில்லை. ஏன் என்று அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தாள். விடை அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வந்த துக்கத்தில் அவள் கை இல்லை. காரணம் தெரியாவிட்டாலும், கர்த்தருடைய கையிலிருந்து வாங்கிக்கொள்வதாக நினைத்து வாங்கிக்கொண்டாள். இந்தக் கண் அப்படிப் போனதில்லை. அவர் டாக்டரையும் கொடுத்து மருந்தையும் கொடுத்து, முட்டைக்குப் பக்கத்தில் இடமும் கொடுத்திருந்தார். அவள்தான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுத் தொலைத்தாள். கர்த்தர் கொடுத்த கஷ்டத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லிப் பழகியவள், தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட கஷ்டத்துக்கு எந்த முகத்தோடு சொல்வாள்? பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் துதி எதுவும் கலந்திருக்கவில்லை.

பத்து மணிக்குப் பேக்கரிக்குப் போனாள். சனிக்கிழமைக் கூட்டம் கவுண்டரை முட்டிக்கொண்டு நின்றது. பேக்கரிக்காரி தூரத்திலேயே பார்த்துவிட்டு, “அக்கா! நாளைக்கு என்ன சொல்லணும்னு எழுதி வெச்சுட்டேன்!” என்று கூவினாள். கையில் ரொட்டிப் பொட்டலம், பின்னால் முதலாளி. “உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்மா” என்றாள் எக்ஸ்ரே. “நாளைக்குப் பேசலாம்க்கா, இப்ப கொன்னுடுவாரு” என்று கண்ணைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். எக்ஸ்ரே ஐந்து நிமிடம் நின்றாள். யாரோ, “வாங்கலைன்னா வழியை விடும்மா” என்றார்கள். வழியை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தன்னைத்தானே கோழை, கோழை என்று திட்டிக்கொண்டு வந்தாள். சரியான பட்டம்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பாப்பா விஷயத்தைச் சொன்னாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

“உன்னைப் பார்த்தா அந்தப் பொண்ணு நிறுத்தப் போகுது?”

“ஆமாங்க.”

“அப்ப நாளைக்கு அது மைக்கைப் பிடிக்கறதுக்கு முன்னாடி நீ பிடிக்கணும்.”

“அத்தனை பேர் முன்னாடியா? எனக்காகப் பட்டினி கிடந்தவங்கங்க. அவங்க ஜெபம் வீணாப் போச்சுன்னு நினைப்பாங்களே! என் மானமே போயிடுமே!”

“போகட்டும். கண்ணே போயிடுச்சு” என்றார். சொன்ன பிறகு அவருக்கே தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான்தான் அன்னைக்கே உன் தலையைப் பிடிச்சு மருந்தை விட்டிருக்கணும். உனக்கும் உன் கர்த்தருக்கும் நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன். தப்புப் பண்ணிட்டேன்” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தப்பு என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. வேறு நாளாக இருந்தால் அவள் அதற்கே ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. பாஸ்டர், “சாட்சி நேரம்” என்று வாயைத் திறந்ததுமே எழுந்துவிட்டாள். மூன்றாம் வரிசையில் பேக்கரிக்காரி பாதி எழுந்து, அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள். பாப்பா பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. முன்னால் நடக்கும்போது எக்ஸ்ரே வலப்பக்க வரிசையில் இரண்டு நாற்காலிகளை இடித்தாள்.

“வாங்கக்கா, வாங்க” என்று பாஸ்டர் மைக்கைக் கொடுத்தார்.

“போன வருஷம் இதே இடத்துல நின்னு என் கண்ணு சரியாயிடுச்சுன்னு சொன்னேன்” என்று ஆரம்பித்தாள். குரல் கீச்சென்று வந்தது. “நீங்கல்லாம் எனக்காக ஜெபிச்சீங்க. மருந்தும் போட்டேன். டாக்டர் நார்மல்னு சொன்னாங்க. அதுவரைக்கும் நிஜம். மருந்தை விடாம போடுங்கன்னும் சொன்னாங்க. அதை நான் உங்ககிட்ட சொல்லல. மருந்து வேண்டாம்னு கர்த்தர் என்கிட்ட சொல்லவே இல்ல. நீங்க கைதட்டினீங்க, எனக்கு வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் வெக்கத்துல மருந்து போடல. இப்ப வலது கண்ணு போயிடுச்சு.”

முன் வரிசையில் பெரியவர் ஒருவர் பழக்க தோஷத்தில் “ஸ்தோத்திரம்!” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. 

“திரும்ப வராதாம். இடது கண்ணுலயும் ஆரம்பிச்சுடுச்சு. என்னை வேலையில மேசையை விட்டு எழுப்பிட்டாங்க. இதெல்லாம் கர்த்தர் செஞ்சதில்ல, நான் செஞ்சது. உங்க ஜெபத்தைக் கர்த்தர் கேட்டாரு. நான்தான் கெடுத்தேன். என் சாட்சியைப் படிச்சுட்டு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தா, நிறுத்தணும்னு நினைச்சிருந்தா, கால்ல விழுந்து கேக்கறேன், நிறுத்தாதீங்க. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அவ்வளவுதான்.”

கடைசியில் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்க வேண்டும் என்பது வழக்கம். சொல்லிப் பார்த்தாள், உதடுதான் அசைந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள். ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ, “அப்ப அதெல்லாம் பொய்யா?” என்று பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். அது ஹாலுக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். வீட்டுக்காரர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சபையில் அப்படிச் செய்கிற ஆள் இல்லை அவர்.

பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வையைத் துடைத்தார். “நான் தினமும் காலையில பிரஷர் மாத்திரை போடறேன்” என்றார் கடைசியில். “எட்டு வருஷமா போடறேன். இந்த மைக்குல நின்னு ஒரு நாளும் அதைச் சொன்னதில்ல. அக்கா சாட்சியைத் தாள்ல போடறப்பவும் அக்காவை ஒரு கேள்வி கேக்கல. எனக்கும் அந்தக் கைதட்டல் பிடிச்சிருந்தது. என்னை மன்னிச்சுடுங்க.”  பிரசங்கத் தாளைப் புரட்டி, பக்கம் கிடைக்காமல் தடவினார்.

எக்ஸ்ரே தலையை முழுசாகத் திருப்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.  கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும், கோபிக்க உரிமை இருக்கிறது. ஆனால் மாத்திரை? நான் சொன்னதைக் கேட்டாளா, கேட்காமலே போய்விட்டாளா? எழுந்து ஓட முன் நாற்காலியைப் பிடித்தாள்.

“அக்கா.”

குரல் வலப்பக்கமிருந்து வந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, இவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பேக்கரிக்காரி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஜொலிப்பெல்லாம் போயிருந்தது. 

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் காத்திருக்கலக்கா. வெள்ளிக்கிழமை காலையிலேயே நிறுத்திட்டேன்.”

எக்ஸ்ரே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் பாப்பாவுக்கு இடது கை லேசா வெட்டி இழுத்துச்சு. நான் அதை வலிப்பு இல்லன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். விசுவாசம் குறையக்கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். இன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா...” அவள் நிறுத்தினாள். பாப்பாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்திருந்தது. சட்டையிலும் நனைந்திருந்தது. “இப்ப வெளிய குழாயடியில வெச்சு, பர்ஸ்ல கிடந்த மாத்திரையைக் குடுத்துட்டேன். இங்கேருந்து நேரா டாக்டர்கிட்டப் போறோம்.”

“என்னை மன்னிச்சுடும்மா.”

“என்னால முடியலக்கா.” பேக்கரிக்காரி அழுதுகொண்டே சொன்னாள். “உங்க மேல அவ்வளவு கோவம் வருது. அப்புறம் பார்க்கலாம். இப்ப முடியல.”

“சரிம்மா” என்றாள் எக்ஸ்ரே. அவள் சொன்னது நியாயம்தான் என்று இவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டி, பாப்பாவின் ஈரக் கன்னத்தைத் தொட்டாள். பாப்பா கசப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்து, நாக்கை நீட்டி நீட்டிக் காட்டியது. நாக்கில் மாத்திரையின் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

“ஸ்தோத்திரம்” என்றாள் எக்ஸ்ரே.

நேற்றுக் காலையிலிருந்து வராத வார்த்தை அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. மெதுவாகத்தான் வந்தது, வீட்டுக்காரருக்கும் பேக்கரிக்காரிக்கும் மட்டும்தான் கேட்டது.

பேக்கரிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்பவுமா? எதுக்குக்கா இப்ப ஸ்தோத்திரம்? கண்ணு போனதுக்கா?”

எக்ஸ்ரே கண்ணீரைத் துடைக்காமலே இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பாப்பா மாத்திரையை முழுங்கிட்டாளேம்மா.”